கம்ப்யூட்டர்ல முழுசா ஓடுற டிவிடி, டிவி ப்ளேயர்ல பாதியில நிக்குது. கோளாறு டிஸ்க்குலயா ப்ளேயர்லயா?

உங்க கேள்வியில ரெண்டு மூணு விஷயம் கலந்து இருக்கு, அதனால நான் புரிஞ்சுக்கிட்டத முதல்ல சொல்லிடறேன். வீட்டு வீடியோவ எல்லாம் டிவிடி ஆக்கி, ஒரே பாக்ஸ்ல இருந்து எடுத்த டிஸ்க்குல பர்ன் பண்ணியிருக்கீங்க, ஒவ்வொன்னுலயும் கிட்டத்தட்ட 2 மணி நேரம், டிஸ்க் ஃபுல். கம்ப்யூட்டர்ல போட்டா முழுசா ஓடுது. ஹால்ல இருக்கிற ப்ளேயர்ல போட்டா சில டிஸ்க் ஒன்றரை மணி நேரம் வரைக்கும் நல்லா ஓடிட்டு, படம் கட்டம் கட்டமா உடைஞ்சு அப்படியே நின்னுடுது, ஒரு டிஸ்க்க மட்டும் ப்ளேயர் கண்டுக்கவே மாட்டேங்குது, 'நோ டிஸ்க்'னு சொல்லுது. ஆனா கடையில வாங்கின சினிமா டிஸ்க் எல்லாம் அதே ப்ளேயர்ல ஒழுங்கா ஓடுது. ப்ளேயர மாத்தணுமா, பர்னர மாத்தணுமான்னு கேக்கறீங்க. கடைசியில போற போக்குல இன்னொரு வரி எழுதியிருக்கீங்க, இடம் பத்தலன்னு ஒரிஜினல் ஃபைல எல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்து டெலிட் பண்ணிட்டதா. எனக்கு உங்க கேள்விய விட அந்த வரிதான் பெருசா தெரியுது. ப்ளேயர் எப்ப வேணா வாங்கிக்கலாம், அந்த வீடியோ இப்போ அந்த டிஸ்க்குல மட்டும்தான் இருக்கு.

அதனால வேற எதுவும் பண்றதுக்கு முன்னாடி, எந்த கம்ப்யூட்டர்ல அது நல்லா ஓடுதோ அதே கம்ப்யூட்டர்ல எல்லா டிஸ்க்கையும் ஒவ்வொன்னா ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்துடுங்க. விண்டோஸ்னா இம்ஜ்பர்ன்ல டிஸ்க்க இமேஜ் ஃபைலா, அதாவது மொத்த டிஸ்க்கையும் அப்படியே ஒரே ஃபைலா, ரீட் பண்ற ஆப்ஷன் இருக்கு, 2013க்கு அப்புறம் அதுக்கு புது வெர்ஷன் வரல, ஆனாலும் இந்த வேலைக்கு இன்னைக்கும் அதுதான் என் கை போற சாஃப்ட்வேர். அது வேண்டாம்னா டிஸ்க்க திறந்து உள்ள இருக்கிற ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணாலும் போதும். நடுவுல எரர் வந்து நின்னா பதறாதீங்க, டிஸ்க்க துடைச்சுட்டு வேற ஒரு டிரைவ்ல போட்டு பாருங்க, ஒரு டிரைவ் படிக்க மாட்டேன்னு சொல்ற இடத்த இன்னொரு டிரைவ் சாதாரணமா படிச்சிடும், இது அடிக்கடி நடக்கறதுதான். அப்பவும் முடியலனா லினக்ஸ்ல டிடி ரெஸ்க்யூன்னு ஒரு இலவச டூல் இருக்கு, அது படிக்க முடிஞ்ச இடத்த எல்லாம் முதல்ல எடுத்து வச்சுட்டு, முடியாத இடம் எது எதுன்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், அப்புறம் அதே மேப் ஃபைல வச்சு வேற டிரைவ்ல விட்ட இடத்த மட்டும் முயற்சி பண்ணலாம். துடைக்கிறப்போ மெத்துனு இருக்கிற துணியால நடு ஓட்டையில இருந்து வெளி ஓரத்துக்கு நேர் கோடா துடைங்க, வட்டமா சுத்தி துடைக்காதீங்க. டேட்டா வட்டமா எழுதியிருக்கு, வட்டமா ஒரு கீறல் விழுந்தா ஒரே இடத்துல தொடர்ச்சியா நிறைய டேட்டா போயிடும், குறுக்க விழற கீறல எரர் கரெக்ஷன் சமாளிச்சுடும். டூத் பேஸ்ட் போட்டு தேய்க்கிறது எல்லாம் வேற பிரதியே இல்லாத டிஸ்க்குல செய்யவே கூடாது.

இப்போ உங்க கேள்விக்கு வரேன். டேப்ல இருந்து டிஸ்க்குக்கு மாத்திக் கொடுக்கிற வேலையில பல வருஷமா இருக்கேன், 'கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் ஓடுது'ங்கற வார்த்தையோடதான் பாதி பேர் வருவாங்க. அத வச்சு டிஸ்க் நல்லா இருக்குன்னு முடிவு பண்ண முடியாது. கம்ப்யூட்டர் டிரைவ் ஒரு இடத்த படிக்க முடியலனா வேகத்த குறைச்சு திரும்பத் திரும்ப படிச்சுப் பாக்கும், அதுக்குள்ள ஓட்டறதுக்கு மெமரியில டேட்டா இருக்கும், விஎல்சி மாதிரி சாஃப்ட்வேர் கொஞ்சம் கோணல் மாணலா இருக்கிற ஃபைலையும் சகிச்சுக்கிட்டு ஓட்டிடும். வீட்டு ப்ளேயருக்கு அந்த வசதி எதுவும் கிடையாது, அதோட பஃபர், அதாவது படிச்சத கொஞ்ச நேரம் வச்சுக்கிற மெமரி, ரொம்ப சின்னது, ஒன்னு ரெண்டு தடவ திரும்பப் படிக்கிறதுக்குள்ள அது காலி ஆயிடும், உடனே படம் உடையும், அப்புறம் நிக்கும். ஆக கம்ப்யூட்டர்ல ஓடுறது ஒன்னே ஒன்னுதான் காட்டுது, டேட்டா இன்னும் டிஸ்க்குல இருக்கு, கஷ்டப்பட்டாவது எடுக்கலாம். உங்களுக்கு இப்போ அது நல்ல செய்திதான், ஆனா டிஸ்க் தரமா பர்ன் ஆகியிருக்குன்னு அர்த்தம் இல்ல.

நான் மேல சொன்ன காப்பியே ஒரு டெஸ்ட்டும் கூட, அதனால அத போட்டுட்டு எழுந்து போயிடாம பக்கத்துல உக்காந்து பாருங்க. டிவிடிய உள் பக்கத்துல இருந்து வெளி பக்கமா படிப்பாங்க, நிறைய டிரைவ்ல காப்பி வேகம் ஆரம்பத்துல குறைவா இருந்து வெளி ஓரத்துக்கு போகப் போக ஏறிட்டே போகும். சில டிரைவ் வீடியோ டிஸ்க்குன்னு தெரிஞ்சா தானே வேகத்த கட்டுப்படுத்தி வச்சுக்கும், அதனால எத்தனை எம்பி வேகம்னு பாக்க வேண்டாம், சீரா போகுதான்னு மட்டும் பாருங்க. நல்லா போயிட்டு இருந்த வேகம் ஒரு இடத்துல திடீர்னு விழுந்து, டிரைவ் சத்தம் இறங்கி ஏறி இறங்கி ஏறின்னு திணறுச்சுன்னா கோளாறு அந்த இடத்துலதான். அது எந்த ஃபைல்னு குறிச்சு வச்சுக்குங்க. டிவிடி வீடியோவ 1 ஜிபி 1 ஜிபியா வெட்டி விஓபி ஃபைலா வச்சிருப்பாங்க, டிஸ்க் ஃபுல்லா 2 மணி நேரம் இருக்குன்னா ஒரு விஓபி சுமார் 28 நிமிஷம் வரும், அப்போ ஒன்றரை மணி நேரத்துல நிக்கிற உங்க படம் நாலாவது விஓபியோட ஆரம்பத்துல நிக்குதுன்னு கணக்கு. காப்பியும் அந்த நாலாவது விஓபியில திணறுச்சுன்னா டிஸ்க்தான் காரணம், அதுக்கு மேல ஆராய்ச்சி தேவையில்ல. கடைசி வரைக்கும் வழுக்கிட்டு போற மாதிரி காப்பி ஆச்சுன்னா கோளாறு டிஸ்க்க விட வீடியோ ஃபைல்லயோ ப்ளேயர்லயோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு டெஸ்ட் இருக்கு, இத ப்ளேயர்ல பண்ணணும். ப்ளேயர ஒரு ராத்திரி அணைச்சு வச்சுட்டு, காலையில ஆன் பண்ண உடனே, முதல்ல இருந்து ஓட விடாம நேரா அந்த ஒன்றரை மணி நேர இடத்துக்கு போங்க. அங்கேயே மறுபடி உடைஞ்சா டிஸ்க்குல அந்த இடம் மோசம். ஆனா அந்த இடத்த சாதாரணமா தாண்டி போயிட்டு, அதே மாதிரி ரொம்ப நேரம் ஓடினதுக்கு அப்புறம் வேற எங்கயோ நின்னுச்சுன்னா, ப்ளேயர் சூடானா லேசர் தடுமாறுதுன்னு சந்தேகப்படலாம். இந்த ரெண்டையும் பிரிச்சு பாக்காமதான் நிறைய பேர் நல்ல ப்ளேயர தூக்கிப் போடறாங்க, இல்லனா கெட்ட டிஸ்க்க திரும்பத் திரும்ப துடைச்சுட்டு இருக்காங்க.

நீங்க எழுதினத மட்டும் வச்சு சொல்லணும்னா, பல டிஸ்க் ஒரே மாதிரி கடைசி அரை மணி நேரத்துல நிக்குதுன்றப்போ எனக்கு முதல்ல தோணுறது டிஸ்க்கோட வெளி ஓரம்தான். பர்ன் பண்ற டிஸ்க்குல டேட்டா பதியறது ஒரு சாயப் பூச்சுலதான், அந்த சாயத்த டிஸ்க் முழுக்க ஒரே சீரா பூசறது கஷ்டம், விலை குறைஞ்ச டிஸ்க்குல ஓரத்துலதான் அது முதல்ல கெடும். டிஸ்க் லேசா வளைஞ்சு இருந்தாலும் ஓரத்துலதான் அந்த வளைவு அதிகமா தெரியும், லேசர் நேரா விழாது. இதுக்கு மேல, 16எக்ஸ் வேகத்துல, அதாவது டிவிடியோட அடிப்படை வேகத்துக்கு 16 மடங்குல, பர்ன் பண்ணா அந்த முழு 16எக்ஸ் வேகம் வர்றதே கடைசி பகுதியிலதான், ஆரம்பம் எல்லாம் மெதுவாத்தான் எழுதும். ஆக கஷ்டமான இடத்துலயே வேகமும் அதிகம். இதுக்கு ரெண்டு வைத்தியம், ரெண்டையும் சேர்த்து பண்ணுங்க. வேகத்த குறைங்க, டிஸ்க்க முழுசா நிரப்பாதீங்க. 4.7 ஜிபின்னு டிஸ்க் மேல போட்டிருக்கிறது ஆயிரத்தால பெருக்குற கணக்கு, விண்டோஸ் காட்டுற கணக்குல அது 4.37தான், நான் 4க்கு மேல போகவே மாட்டேன், அந்த கடைசி ஓரத்த தொடாம விட்டாலே பாதி புகார் வராது.

வேகத்த குறைக்கச் சொன்னா சிலர் 1எக்ஸ்ல பண்ணா இன்னும் நல்லா வரும்னு சொல்லுவாங்க, அது பழைய டிஸ்க் காலத்து பேச்சு, இப்ப அப்படியே எடுத்துக்கக் கூடாது. ஒவ்வொரு டிஸ்க்குலயும் தயாரிச்சவங்க யாருன்னு ஒரு கோடு இருக்கும், பர்னர் அத படிச்சு இந்த டிஸ்க்குக்கு இந்த வேகத்துல லேசர் பவர் இவ்வளவுன்னு தன்னோட ஃபெர்ம்வேர்ல (டிரைவுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்ல) இருக்கிறத வச்சு எழுதும். 16எக்ஸுக்குன்னு செஞ்ச சாயம் ரொம்ப மெதுவா எழுதினா கெட்டுப்போற கேஸும் உண்டு, நிறைய பர்னர்ல 1எக்ஸ் 2எக்ஸ் ஆப்ஷனே வராது. 16எக்ஸ் டிஸ்க்குன்னா 8எக்ஸ், அதுல திருப்தி இல்லனா 4எக்ஸ், அதுக்கு கீழ போக வேண்டியதில்ல. உங்க பர்னருக்கும் உங்க டிஸ்க்குக்கும் இந்த ரெண்டுல எது ஒத்துப்போகும்னு ஒவ்வொன்னு பர்ன் பண்ணி காப்பி டெஸ்ட் போட்டுதான் பாக்கணும், இங்க இருந்து நான் சொல்ல முடியாது. ஒரே பிராண்ட் பெயர்ல வர்ற டிஸ்க்கே வேற வேற ஃபேக்டரியில செஞ்சதா இருக்கும், அந்த மீடியா கோட இம்ஜ்பர்ன்ல டிஸ்க் இன்ஃபோவுல பாக்கலாம், அடுத்த பாக்ஸ் வாங்கினப்புறம் கோடு மாறியிருந்தா அத புது டிஸ்க்கா நினைச்சு திரும்ப டெஸ்ட் பண்ணுங்க.

டிஸ்க் மேல பேப்பர் லேபிள் ஒட்டியிருக்கீங்களான்னு நீங்க எழுதல, ஒட்டியிருந்தா அதுவும் சந்தேக லிஸ்ட்ல முதல் வரிசைக்கு வந்துடும். ஒருத்தர் கொண்டு வந்த டிஸ்க் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, லேபிள் வச்சு அழகா பண்ணியிருந்தாங்க, மேசை மேல வச்சு கண்ண மேசை மட்டத்துக்கு இறக்கி பாத்தா ஒரு பக்க ஓரம் நகத்தளவுக்கு கூட இல்ல, லேசா மேல தூக்கி நிக்குது. பேப்பர் ஈரத்த இழுத்து காஞ்சு சுருங்குறப்போ டிஸ்க்கையும் சேர்த்து இழுத்திருக்கு. அந்த டிஸ்க் உள் பக்கம் பளிச்சுனு படிச்சுது, வெளிய வர வர எரர். லேபிள் கொஞ்சம் நடு விலகி ஒட்டியிருந்தாலும் சுத்துறப்போ ஆட்டம் கொடுக்கும். ஒட்டினத இப்போ உரிக்காதீங்க. டிவிடியில ரெண்டு 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடுக்கு நடுவுல டேட்டா இருக்கிறதால உடனே போயிடாது, ஆனா உரிக்கிற இழுப்புல டிஸ்க் இன்னும் வளையும். சிடி, விசிடின்னா அது கூட கிடையாது, டேட்டா லேபிள் பக்கத்துக்கு அடியிலயே மெல்லிசு பூச்சுக்கு கீழ இருக்கு, உரிச்சா டேட்டாவே பேப்பரோட வந்துடும். இனிமே பண்ற டிஸ்க்குல சிடி மார்க்கர் பேனாவால, முடிஞ்சா நடுவுல இருக்கிற கண்ணாடி மாதிரி வளையத்துல, பேரும் தேதியும் எழுதுங்க, போதும்.

அடுத்தது 'நோ டிஸ்க்' சொல்ற டிஸ்க். இது மத்த டிஸ்க்கோட பிரச்சனையோட சம்பந்தமே இல்லாத தனி கேஸா இருக்கலாம், ரெண்டையும் ஒன்னா சேர்த்து யோசிக்காதீங்க. முதல்ல ஃபைனலைஸ் ஆகியிருக்கான்னு, அதாவது எழுதி முடிச்சு டிஸ்க்க மூடியிருக்கான்னு பாருங்க. இம்ஜ்பர்ன்ல அந்த டிஸ்க்க போட்டா வலது பக்கத்துல ஸ்டேட்டஸ்னு ஒரு வரி வரும், அதுல கம்ப்ளீட்னு இருக்கணும், இன்கம்ப்ளீட்னு இருந்தா டிஸ்க் மூடப்படல, அத கம்ப்யூட்டர் படிக்கும், வீட்டு ப்ளேயர் பெரும்பாலும் படிக்காது. அப்படி இருந்தா பர்ன் பண்ண அதே டிரைவ்ல குளோஸ் பண்ண முடியும், ஆனா இமேஜ் எடுத்து வச்சதுக்கு அப்புறம்தான் அதுல கை வைங்க. டிவியோட இணைக்கிற டிவிடி ரெக்கார்டர்ல பதிஞ்ச டிஸ்க்னா அந்த ரெக்கார்டர் மெனுவுலயே ஃபைனலைஸ் பண்றதுதான் சரியான வழி.

மூடித்தான் இருக்கு, ஆனாலும் படிக்கலனா அது என்ன வகை டிஸ்க்னு பாருங்க. அழிச்சு எழுதுற ஆர்டபிள்யூ டிஸ்க்கா இருந்தா அது திருப்பி அனுப்புற வெளிச்சம் ரொம்ப கம்மி, ஒரு தடவ எழுதுற சாதா டிஸ்க் 45 சதவீதத்துக்கு மேல பிரதிபலிக்கும்னா ஆர்டபிள்யூ 18ல இருந்து 30 சதவீதம்தான், பழைய ப்ளேயர் அத ரெண்டு லேயர் (டேட்டா ரெண்டு அடுக்கா இருக்கிற) டிஸ்க்னு நினைச்சுக்கிட்டு குழம்பும், இல்ல டிஸ்க்கே இல்லன்னு விட்டுடும். ஒரு தடவ எழுதுற டிஸ்க்குலயே மைனஸ் ஆர், ப்ளஸ் ஆர்னு ரெண்டு வகை, அந்த விஷயத்துல முன்னாடி நிறைய சண்டை நடந்துச்சு, மைனஸ் ஆர் 1997லயே வந்தது, ப்ளஸ் ஆர் 2002லதான் வந்தது, அதனால ரொம்ப பழைய ப்ளேயர்ல மைனஸ் ஓடி ப்ளஸ் ஓடாம இருக்கும். ப்ளஸ்ல ஒரு வசதி உண்டு, சில பர்னர்ல புக் டைப்ப, அதாவது இது என்ன வகை டிஸ்க்னு சொல்ற குறிப்ப, டிவிடி ரோம்னு மாத்தி எழுதலாம், ப்ளேயர் அத கடை டிஸ்க்னு நம்பி படிக்க ஆரம்பிக்கும், மைனஸ்ல இது முடியாது. இப்போ இருக்கிற ப்ளேயருக்கு எல்லாம் ரெண்டும் ஒன்னுதான், உங்க ப்ளேயர் எந்த வருஷத்து மாடல்னு நீங்க சொல்லாததால இத ஒரு சந்தேகமா மட்டும் வச்சுக்குங்க.

அந்த டிஸ்க்க கம்ப்யூட்டர்ல திறந்து உள்ள என்ன இருக்குன்னும் ஒரு தடவ பாருங்க. வீடியோ டிஎஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஐஎஃப்ஓ, பியூபி, விஓபின்னு முடியுற ஃபைல், இப்படி இருந்தாதான் அது டிவிடி வீடியோ. அந்த ஃபோல்டர் டிஸ்க்க திறந்த உடனே வெளியில தெரியணும், இன்னொரு ஃபோல்டருக்குள்ள போட்டு பர்ன் பண்ணியிருந்தா கம்ப்யூட்டர்ல நீங்க தேடி திறந்து ஓட்டிடுவீங்க, ப்ளேயர் அங்க எல்லாம் போய் தேடாது. அதுக்கு பதிலா எம்பி4 ஃபைல் சும்மா கிடந்துச்சுன்னா அது டேட்டா டிஸ்க், அத ஓட்டுறதும் ஓட்டாததும் அந்த ப்ளேயரோட இஷ்டம், பழைய ப்ளேயர்ல டிவ்எக்ஸ் லோகோ இருந்தா அந்த வகை ஏவிஐ ஃபைல் ஓடும், எம்பி4 எம்கேவி எல்லாம் ஓடாது. இதுக்கு டிவிடி ஸ்டைலர் மாதிரி ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு முறையா டிவிடி வீடியோவா மாத்தி பர்ன் பண்றதுதான் வழி.

காப்பி வழுக்கிட்டு போகுது, ஃபைனலைஸும் ஆகியிருக்கு, ஆனாலும் ப்ளேயர்ல திக்குதுன்னா வீடியோ ஃபைல பாக்கணும். டிவிடியில எம்பெக் 2 வீடியோவுக்கு உச்ச வரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட், சவுண்டு எல்லாம் சேர்த்து 10.08. குவாலிட்டி நல்லா வரணும்னு ஒரு மணி நேர வீடியோவுக்கு 9 வச்சுட்டு, சவுண்ட கம்ப்ரஸ் பண்ணாத பிசிஎம்மா விட்டா அது மட்டுமே 1.5 மெகாபிட், கூட்டினா வரம்ப தாண்டிடுச்சு. கம்ப்யூட்டர் கேள்வி கேக்காம ஓட்டும், ப்ளேயர் திணறும், அதுவும் ஆட்டம் பாட்டம் கூட்டம்னு அசைவு அதிகமா இருக்கிற சீன்ல மட்டும் திணறும். இப்படி சீனுக்கு ஏத்த மாதிரி திக்குதுன்னா பிட்ரேட்ட (நொடிக்கு எத்தனை மெகாபிட்ங்கற அளவ) சந்தேகப்படுங்க, வீட்டுல பர்ன் பண்ற டிஸ்க்குக்கு உச்சத்த 8க்குள்ள வச்சு சவுண்ட டால்பி ஏசி 3ல வச்சா பிரச்சனை வராது. உங்க கேஸ்ல 2 மணி நேரம் ஒரு டிஸ்க்குல அடங்கியிருக்குன்னா சராசரி பிட்ரேட் 5 கிட்டதான் இருக்கும், அதனால இது காரணமா இருக்க வாய்ப்பு கம்மி. சவுண்டு மட்டும் போகப் போக உதட்டசைவ விட்டு விலகுதுன்னா டிஸ்க்க குறை சொல்லாதீங்க, ஃபோன்ல எடுத்த வீடியோவுல ஃப்ரேம் ரேட் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், அத நிலையான 25க்கோ 29.97க்கோ மாத்தாம டிவிடி பண்ணா இப்படித்தான் வரும். யாராவது நடந்தா கை கால் நடுங்குற மாதிரி தெரியுதுன்னா அது ஃபீல்டு ஆர்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும் ரெண்டு பாதியா காட்டுற வரிசை, தலைகீழா போனது. இதெல்லாம் திரும்ப என்கோட் பண்ணாதான் சரியாகும், டிஸ்க்க மாத்தி பிரயோஜனம் இல்ல.

கடை டிஸ்க் எல்லாம் நல்லா ஓடுதேன்னு நீங்க ப்ளேயர முழுசா நம்பிடவும் கூடாது. கடை டிஸ்க்குல டேட்டா அச்சுல அழுத்தின குழி, நம்ம டிஸ்க்குல சாயத்துல லேசரால சுட்ட தழும்பு, ரெண்டாவத படிக்க லேசர் நல்ல நிலைமையில இருக்கணும். வயசான லேசர் கடை டிஸ்க்க ஓட்டிட்டு பர்ன் பண்ணத மட்டும் தகராறு பண்றது சகஜம். ஆனா பெரிய சினிமா டிஸ்க் நிறைய ரெண்டு லேயர்ல வர்றது, அதோட பிரதிபலிப்பும் 18ல இருந்து 30 சதவீதம்தான், அது ரெண்டாவது பாதி வரைக்கும் தடங்கல் இல்லாம ஓடுதுன்னா உங்க ப்ளேயர் லேசர் இன்னும் தாங்குதுன்னு ஓரளவு நம்பலாம். உறுதியா தெரியணும்னா மாத்தி போட்டு பாருங்க, உங்க டிஸ்க்க வேற வீட்டு ப்ளேயர்ல, வேற ஒருத்தர் நல்ல டிஸ்க்குல பர்ன் பண்ணத உங்க ப்ளேயர்ல. உங்க டிஸ்க் ரெண்டு ப்ளேயர்லயும் ஒரே இடத்துல நின்னா டிஸ்க். அடுத்தவங்க டிஸ்க்கும் உங்க ப்ளேயர்ல நின்னா ப்ளேயர். ரெண்டும் சுமாரா இருந்து சேர்றப்போ மட்டும் மாட்டிக்கிற கேஸும் நிறைய இருக்கு, உங்களோடது அப்படி இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன், அப்பவும் டிஸ்க்க நல்லா பர்ன் பண்ணாலே போதும், ப்ளேயர் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

ஆக உங்க இடத்துல நான் இருந்தா புதுசா எதுவும் வாங்க மாட்டேன், வெறும் டிஸ்க் தவிர. எல்லாத்தையும் இமேஜ் எடுத்து ரெண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குல வச்சுடுவேன், டிஸ்க்க மட்டும் நம்பி ஒரே பிரதியா விடவே மாட்டேன், சாயம் வெயில்லயும் சூட்டுலயும் கெட்டுப்போற சாமான். அப்புறம் இமேஜ்ல இருந்து ஒரு டிஸ்க்க மட்டும் வேற மீடியா கோடு உள்ள நல்ல டிஸ்க்குல 8எக்ஸ்ல, வெரிஃபை டிக் போட்டு பர்ன் பண்ணி ப்ளேயர்ல ஓட்டிப் பாப்பேன். திரும்ப என்கோட் பண்ண வேண்டாம், பண்ணா குவாலிட்டி இறங்கும். அதுவும் அதே கடைசி அரை மணி நேரத்துல நின்னா, வீடியோவ ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமா ரெண்டு டிஸ்க்குக்கு பிரிச்சுடுங்க, விஓபிய என்கோட் பண்ணாம சேப்டர் கணக்குல வெட்டுற டூல் இருக்கு, அப்போ வெளி ஓரத்துக்கு போக வேண்டிய தேவையே இல்ல. ரெண்டு லேயர் டிஸ்க் வாங்கி மொத்தமா போடலாமேன்னு தோணும், வேண்டாம், லேயர் மாறுற இடத்துல தடுமாறுற ப்ளேயர் நிறைய இருக்கு, இருக்கிற பிரச்சனையோட இன்னொன்னு சேரும்.

காப்பி டெஸ்ட் முடிச்சதும் எந்த விஓபியில வேகம் விழுந்துச்சு, டிஸ்க்கோட மீடியா கோடு என்ன, அந்த 'நோ டிஸ்க்' டிஸ்க்குல ஸ்டேட்டஸ் வரியில என்ன வந்துச்சு, லேபிள் ஒட்டியிருக்கா, இந்த நாலையும் இதுக்கு கீழயே எழுதுங்க. ஏதாவது ஒரு டிஸ்க் இமேஜ் எடுக்க முடியாம எரர்ல நின்னுச்சுன்னா அத திரும்பத் திரும்ப போட்டு பாக்காம தனியா கவர்ல எடுத்து வச்சுட்டு முதல்ல அத சொல்லுங்க, டிடி ரெஸ்க்யூல எப்படி ஓட்டணும்னு படிப்படியா எழுதறேன்.